நிகழ்தகவு எங்கே இருக்கிறது? நம் மண்டைக்குள்ளா, பொருளுக்குள்ளா?

எங்கள் எதிர்வீட்டு மாமா வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு இரண்டு தடவை செல்போனும் கையுமாக வாசலுக்கு வந்து நிற்பார். பகல் 12 மணிக்கு ஒரு தடவை, சாயங்காலம் நாலரைக்கு ஒரு தடவை. யாங்கோனில் இருக்கிறவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டாம், அது டூடி எண் வரும் நேரம். வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வரி: தாய்லாந்துப் பங்குச்சந்தைக் குறியீட்டின் கடைசி இலக்கத்தையும், அங்கே நடந்த வியாபாரத் தொகையிலிருந்து ஓர் இலக்கத்தையும் சேர்த்தால் 00 முதல் 99 வரை ஏதோ ஓர் எண் வரும். அதன்மேல்தான் இங்கே பணம் கட்டுகிறார்கள். சட்டத்தில் இடமில்லை, ஆனாலும் தெருவுக்குத் தெரு உண்டு.

ஒரு நாள் மாமா என்னிடம் கேட்டார்: “தம்பி, நீ பிள்ளைங்களுக்கு பிசிக்ஸ் சொல்லிக் கொடுக்கிறவன். நூத்துல ஒண்ணு, நூத்துல ஒண்ணுன்னு சொல்றியே, அந்த நம்பர் முன்கூட்டியே யாருக்காவது தெரிஞ்சிருக்கும் இல்லியா?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. டூடி எண்ணைப் பற்றிய கேள்வியாக மட்டும் அது இருந்திருந்தால் வந்திருக்கும். “யாருக்காவது தெரிந்திருக்குமா?” என்பது நிகழ்தகவைப் பற்றிக் கேட்கக்கூடிய கேள்விகளிலேயே ஆழமானது. ஒரு காசைச் சுண்டும்போது அதற்கு ஒரு பதில். ஆறிப்போகும் டீக்கு வேறொரு பதில். ஓர் அணுவைப் பற்றிக் கேட்டால் பெரிய அறிஞர்களே இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

இதைப் பொறுமையாக எழுத வேண்டும் என்று தோன்றியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டியூஷனுக்கு வரும் பிள்ளைகள் செல்போனில் பார்த்துவிட்டு, “குவாண்டம் படி எது வேணும்னாலும் நடக்கலாமாமே சார்?” என்று கேட்கிறார்கள். 2025 மார்ச் 28 அன்று மாண்டலே பக்கம் 7.7 அளவில் பூமி அதிர்ந்ததே, அதற்குப் பிறகு “இன்ன தேதியில் திரும்பவும் வரும்” என்ற செய்திகள் எங்கள் உறவினர்களைப் பல ராத்திரி தூங்கவிடவில்லை. இரண்டிலும் குழப்பம் ஒன்றுதான். ‘வாய்ப்பு’ என்ற ஒரே சொல்லில் பல பொருள்களைப் போட்டுக் கலக்குகிறோம்.

ஒரு சொல்லுக்குள் மூன்று பொருள்

நிகழ்தகவு என்பது ஒரு நிகழ்ச்சி நடக்க எவ்வளவு வாய்ப்பு என்பதைச் சொல்லும் எண். நடக்கவே நடக்காது என்றால் 0, நடந்தே தீரும் என்றால் 1, மற்றதெல்லாம் இடையில். இந்த எண்களைக் கூட்டவும் பெருக்கவும் வேண்டிய விதிகளை ரஷ்யக் கணித அறிஞர் கோல்மோகோரோவ் 1933இல் ஒழுங்காக வகுத்துக் கொடுத்தார். கணக்கில் அதன்பிறகு சண்டை இல்லை. ஆனால் அந்த எண் எதை அளக்கிறது என்று அவருடைய விதிகள் சொல்வதில்லை. தராசு சரியாக இருக்கிறது, தட்டில் இருப்பது அரிசியா பருப்பா என்றுதான் தெரியவில்லை.

இதற்குப் பதில் சொன்னவர்களை மூன்று கட்சியாகப் பிரிக்கலாம்.

முதல் கட்சிக்கு நிகழ்தகவு என்பது நம்பிக்கையின் அளவு. நமக்குத் தெரிந்ததை வைத்து ஒன்றை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் அந்த எண். கேம்பிரிட்ஜின் ராம்சேயும் இத்தாலியின் டி ஃபினெட்டியும் இந்தப் பக்கம். டி ஃபினெட்டி ஒரு படி மேலே போய், உலகத்தில் நிகழ்தகவு என்ற ஒன்றே கிடையாது என்று எழுதினார்.

இரண்டாவது கட்சிக்கு அது விகிதம். ஒரே மாதிரியான காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்தால் எத்தனைக்கு எத்தனை தடவை அந்த முடிவு வருகிறது என்பதே நிகழ்தகவு. ரிச்சர்ட் ஃபொன் மீசெஸ் இதை வலுவாகச் சொன்னவர்.

மூன்றாவது கட்சிக்கு அது பொருளின் சாய்வு. சர்க்கரைக்குக் கரையும் தன்மை இருப்பது போல, சில பொருள்களுக்கு ‘பாதிக்குப் பாதி இப்படி நடக்கும்’ என்ற தன்மை உள்ளுக்குள்ளேயே இருக்கிறது என்பார் கார்ல் பாப்பர்.

வானிலை அறிவிப்பில் “நாளை மழைக்கு 70 சதவீதம்” என்கிறார்கள். நாளை ஒரே ஒரு தடவைதான் வரும். அது நூறு தடவை வந்து, அதில் எழுபதில் மழை பெய்வதை யாரும் பார்க்கப்போவதில்லை. அப்படியானால் அந்த 70 உண்மையா பொய்யா என்று எப்படிச் சோதிப்பது? ‘70’ என்று சொன்ன நாள்களை எல்லாம் குறித்து வைத்துப் பார்க்கலாம். பத்தில் ஏழு நாள் நனைந்திருந்தால் அறிவிப்பாளர் தொழில் தெரிந்தவர். சொல்லும்போது அது நம்பிக்கையின் அளவு, சோதிக்கும்போது விகிதம். இப்படி இரண்டு கட்சியும் அன்றாடம் கைகோத்துக்கொள்வதால்தான் வித்தியாசம் நம் கண்ணில் படுவதில்லை.

நிலநடுக்கத்தில் அந்தச் சோதனை கடினம். மாண்டலே அதிர்வு வந்த சகாய்ங் நிலப்பிளவில் எந்தப் பகுதி நெடுங்காலம் அசையாமல் இறுக்கத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது என்று ஆய்வாளர்களால் சொல்ல முடியும். இத்தனை பத்தாண்டுக்குள் பெரிதாக அசைய இவ்வளவு வாய்ப்பு என்றும் கணிக்க முடியும். நாளும் நேரமும் சொல்ல அவர்களால் முடியாது. தேதியோடு வரும் செய்திக்கு நிகழ்தகவு அறிவியலில் வேர் எதுவும் இல்லை என்பதை மட்டும் வீட்டுப் பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: கணக்கு ஒன்று, பொருள் மூன்று. நம்பிக்கை நம் மண்டைக்குள் இருப்பது, விகிதம் பல தடவை நடந்ததன் வரலாறு, சாய்வு பொருளுக்குள் இருப்பது. இயற்பியலில் எந்த இடத்தில் எது பொருந்தும் என்று இனிப் பார்ப்போம்.

காசுக்குத் தெரியாது, பூதத்துக்குத் தெரியும்

நம் ஊரில் காசு புழக்கத்தில் இல்லை, எல்லாம் நோட்டுதான். பாடத்துக்காக நான் வைத்திருப்பது அப்பாயி பெட்டியில் கிடந்த பழைய வெள்ளி ரூபாய். அதைச் சுண்டிவிட்டு, “தலையா பூவா?” என்று கேட்டால் பிள்ளைகள் “பாதிக்குப் பாதி” என்பார்கள்.

ஆனால் அந்தக் காசு காற்றில் என்ன செய்கிறது? கட்டைவிரல் கொடுத்த வேகம், அது சுழலும் வேகம், கையில் விழும் உயரம் இவ்வளவும் தெரிந்தால் எந்தப் பக்கம் விழும் என்று நியூட்டனின் விதிகளே சொல்லிவிடும். அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் பெர்சி டயகோனிஸ் ஒவ்வொரு தடவையும் ஒரே விசையில் சுண்டும் இயந்திரம் ஒன்றைச் செய்ய வைத்தார். அதில் காசு ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கம்தான் விழுந்தது. கையால் சுண்டும்போதுகூட, மேலே இருந்த பக்கமே திரும்ப மேலே வர நூற்றுக்கு 51 அளவுக்கு வாய்ப்பு என்று அவரும் கூட்டாளிகளும் கணக்குப் போட்டார்கள். 2023இல் ஒரு குழு பொறுமையாக 3,50,757 தடவை காசைச் சுண்டிப் பார்த்தது. வந்தது 50.8 சதவீதம்.

ஆக, காசில் ‘பாதிக்குப் பாதி’ என்பது காசின் குணமில்லை, என் விரல் செய்வது எனக்கே சரியாகத் தெரியாததன் அளவு. பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸ் 1814இல் இதை உலகம் முழுவதற்கும் விரித்தார். எல்லாத் துகள்களின் இடமும் வேகமும் தெரிந்த ஓர் அறிவு இருந்தால் அதற்கு எதிர்காலமும் கடந்தகாலமும் ஒரே தாளில் தெரியும் என்றார். பிற்காலத்தில் அதற்கு லாப்லாஸின் பூதம் என்று பெயர் வந்தது. நாம் கேட்பதைக் கொடுக்கும் பூதம் இல்லை இது, எல்லாம் அறிந்த பூதம். இன்றைய நிலை நாளைய நிலையை முழுதாகத் தீர்மானித்துவிடுகிறது என்ற இந்தக் கருத்துக்கு நியதிவாதம் என்று பெயர்.

மாமாவின் டூடி எண்ணும் இந்த வகைதான். பாங்காக்கில் யார் எந்த நொடியில் எவ்வளவு வாங்கினார்கள், விற்றார்கள் என்பது முழுவதும் தெரிந்த பூதத்துக்கு அந்த எண் தெரியும். மனிதர் யாருக்கும் தெரியாது. கனவில் பாம்பு வந்தது, விபத்தான வண்டியின் நம்பர் இன்னது என்று தேடுவதெல்லாம் பூதத்தின் தாளை எட்டிப் பார்க்கும் ஆசை. ஆனால் அந்த எண்ணை உண்டாக்குகிற வியாபாரத்துக்கும் கனவுக்கும் நடுவில் ஒரு நூல்கூட இல்லை. எனவே எந்தக் கனவு கண்டாலும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுதான். விழுந்தால் கொடுப்பது பொதுவாக 80 மடங்கு. நூறு தடவை ஆயிரம் ஆயிரமாகக் கட்டினால் போவது ஒரு லட்சம், சராசரியாகத் திரும்பி வருவது எண்பதாயிரம். மாமாவிடம் இதைத் தாளில் எழுதியே காட்டிவிட்டேன்.

தாயக்கட்டையும் ஆறிப்போன டீயும்

இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பெரும்பாலான விளக்கங்கள் தாண்டிக் குதித்துவிடும் இடம் இது.

ஒரு டீயை வாங்கி வைத்துவிட்டுப் பேச்சு சுவாரசியத்தில் மறந்துபோகிறீர்கள். டீ ஆறுகிறது. தானாக ஒருநாளும் சூடேறுவதில்லை. கலந்த பால் திரும்பப் பிரிந்து அடியில் போய்ச் சேருவதும் இல்லை. ஏன்? மூலக்கூறு என்பது ஒரு பொருளாக நிற்கக்கூடிய மிகச்சிறிய அணுக்கூட்டம். டீயில் உள்ள ஒவ்வொரு மூலக்கூறும் நியூட்டன் விதிகளின்படிதான் முட்டி மோதிக்கொண்டு ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த விதிகளில் முன்னே, பின்னே என்ற பேதமில்லை. பால் பிரிவதற்கு அவற்றில் தடையே கிடையாது.

வியன்னாவைச் சேர்ந்த போல்ட்ஸ்மான் 1877இல் இதற்குச் சொன்ன பதில் தாயம் ஆடியவர்களுக்கு உடனே புரியும். பித்தளைத் தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் 0, 1, 2, 3 என்று நான்கு முகம். இரண்டையும் உருட்டினால் மொத்தம் 16 விதமாக விழலாம். தாயம் விழ ஒன்றில் 1, மற்றதில் 0 வர வேண்டும். அதற்கு இரண்டே வழி. மூன்று விழ 0-3, 3-0, 1-2, 2-1 என்று நான்கு வழி. அதனால்தான் தாயத்துக்காகக் காத்திருக்கும்போது மூன்று மூன்றாக விழுந்து வயிற்றெரிச்சலைக் கொட்டுகிறது. கட்டைக்கு நம்மேல் கோபமில்லை, மூன்றுக்கு வழி அதிகம். உருட்டியவுடன் நமக்கு வேண்டியது ‘மூன்று’ என்ற வெளித்தோற்றம் மட்டுமே. எந்தக் கட்டையில் என்ன முகம் என்பது உள்ளமைப்பு.

டீயும் அப்படித்தான். ‘பால் கலந்திருக்கிறது’ என்ற வெளித்தோற்றத்துக்குக் கணக்கில்லாத உள்ளமைப்புகள். ‘பால் தனியாக அடியில்’ என்பதற்கு மிகமிகக் குறைவு. தாயக்கட்டையில் இரண்டுக்கு நான்கு என்ற சின்ன வித்தியாசம்தான். ஒரு குவளை டீயில் மூலக்கூறுகளின் எண்ணிக்கையை எழுதவே 1க்குப் பின் இருபத்துச் சொச்சம் பூஜ்யம் வேண்டும். அத்தனை கட்டைகளை ஒன்றாக உருட்டினால் வழிகளின் வித்தியாசம் கற்பனைக்கு எட்டாது. பால் பிரிவது விதியால் தடுக்கப்பட்டதல்ல, பிரபஞ்சத்தின் வயது முழுவதும் உட்கார்ந்து பார்த்தாலும் நடக்காத அளவுக்கு அபூர்வமானது. ஒரு வெளித்தோற்றத்துக்கு எத்தனை உள்ளமைப்பு என்பதைக் குறிக்கும் அளவுக்குத்தான் என்ட்ரோபி என்று பெயர். கலைந்து கிடப்பது என்று மட்டும் அதற்குப் பொருள் சொல்வது பாதி உண்மை.

இப்போது மாமாவின் கேள்வியைக் கேளுங்கள். டீயின் உள்ளமைப்பு யாருக்காவது தெரிந்திருக்குமா? பூதத்துக்குத் தெரியும். அப்படியென்றால் இங்கேயும் நிகழ்தகவு என்பது நம் அறியாமைதானா?

ஒரு சிக்கல். நான் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் டீ ஆறும். பூதமே எதிரில் உட்கார்ந்து எல்லா மூலக்கூறையும் எண்ணிக்கொண்டிருந்தாலும் ஆறும். என் அறியாமை எப்படி ஒரு டீயை ஆற வைக்கும்? இந்தக் கேள்வி பல வருடமாக என்னை உறுத்தியது. எனக்குத் திருப்தி தருகிற பதில் இதுதான்: எந்த வெளித்தோற்றத்துக்கு வழி அதிகம், எதற்குக் குறைவு என்பது நம் மண்டைக்குள் இருக்கும் விஷயமில்லை, பொருளைப் பற்றிய உண்மை. எந்தக் குறிப்பிட்ட உள்ளமைப்பில் இந்த டீ இப்போது இருக்கிறது என்பதுதான் நமக்குத் தெரியாதது. நிகழ்தகவு இங்கே இரண்டு காலில் நிற்கிறது. ஒரு கால் உலகத்தில், ஒரு கால் நம் அறியாமையில். எந்தக் காலில் பாரம் அதிகம் என்பதில் தத்துவ ஆசிரியர்களிடையே இன்னும் வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

சுருக்கமாக, காசிலும் டீயிலும் நிகழ்தகவு வருவது விவரம் தெரியாததால். முழு விவரம் என்று ஒன்று இருக்கிறது என்பதை இதுவரை யாரும் சந்தேகிக்கவில்லை.

வயதாகாத அணு

என் அத்தைக்குத் தைராய்டு சிகிச்சையில் கதிரியக்க அயோடின் கொடுத்தார்கள். சில நாள் தனியாகப் படுக்க வேண்டும், பேரப்பிள்ளைகளைத் தூக்கக்கூடாது என்றார்கள். கதிரியக்கம் என்றால் ஓர் அணுவின் நடுவிலிருக்கும் அணுக்கரு தானாகச் சிதைந்து கதிரை வெளியே விடுவது. எவ்வளவு நாளில் பாதி அணுக்கள் சிதையுமோ அது அரை ஆயுள். அயோடின் 131க்கு அது 8 நாள். 8 நாளில் பாதி, 16 நாளில் கால், 80 நாளில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு மிச்சம்.

அத்தை கேட்டது ரொம்ப நியாயமான கேள்வி: “அப்போ பதினாறு நாள்ல எல்லாம் போயிடணுமே?” நாம் ஆயுள் என்றவுடன் மனிதரையோ மின்விளக்கையோ நினைக்கிறோம். எழுபது வயதுக்காரருக்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கும் அடுத்த பத்தாண்டைத் தாண்டும் வாய்ப்பு ஒன்றல்ல. உடம்பு தேய்கிறது. அயோடின் அணுக்கரு தேய்வதில்லை. 80 நாள் தப்பிப் பிழைத்த ஒன்றை எடுத்து, நேற்றுப் பிறந்த ஒன்றின் பக்கத்தில் வைத்தால் இரண்டுக்கும் அடுத்த 8 நாளைத் தாண்டும் வாய்ப்பு அதே பாதிதான். எவ்வளவு காலம் காத்திருந்தோம் என்ற நினைவே அதற்குக் கிடையாது. சூடாக்கினாலும் ஐஸில் வைத்தாலும் மாறாது. ஒன்று இன்றைக்கு ஏன் சிதைந்தது, பக்கத்தில் இருப்பது ஏன் சிதையவில்லை? உள்ளே தேடினால் எந்த வித்தியாசமும் அகப்படுவதில்லை.

தனித்தனியே இவ்வளவு தற்செயலாக நடப்பவை கூட்டமாகச் சேர்ந்தால் உலகத்திலேயே நம்பகமான கடிகாரமாகின்றன. முன்பு ஸ்காட் மார்க்கெட் என்று சொல்லிவந்த போஜோக் சந்தையில், பூச்சி அடைபட்ட அம்பர் கற்களைப் பார்த்திருப்பீர்கள். வடக்கே ஹூக்காங் பள்ளத்தாக்கில் கிடைப்பவை. அவை புதைந்திருந்த எரிமலைப் படிவில் ஸிர்க்கான் என்ற கனிமத் துகள்கள் உண்டு. அதற்குள் இருக்கும் யுரேனியத்தில் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளந்து, அந்தப் படிவுக்குச் சுமார் 9.9 கோடி வயது என்று 2012இல் வெளியிட்டார்கள். பிழை ஆறேழு லட்சம் ஆண்டுதான். யுரேனியம் 238இன் அரை ஆயுள் சுமார் 447 கோடி ஆண்டு. 9.9 கோடி ஆண்டில் அதில் நூற்றுக்கு ஒன்றரை அளவுதான் சிதைந்திருக்கும். எந்த அணு எப்போது சிதையும் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் எத்தனை சிதையும் என்பதில் இவ்வளவு கறார்.

“குவாண்டம் படி எதுவும் நடக்கலாம்” என்ற பிள்ளைகளுக்கு இதைத்தான் காட்டுவேன். குவாண்டம் கொள்கை என்பது அணு அளவிலான பொருள்களின் இயற்பியல். அது சொல்லும் வாய்ப்புகள் வாய்க்கு வந்தபடி சொல்லப்பட்டவை அல்ல, பல இலக்கம் வரை சோதித்துப் பார்த்தவை. பூஜ்யம் என்று அது சொல்லும் இடத்தில் நிஜமாகவே ஒன்றும் நடக்காது.

கால்குலேட்டரும் கூலிங் கிளாஸும்

அணுவைத் தேடிப் போக வேண்டாம். போலராய்டு கூலிங் கிளாஸ் ஒன்றும் ஒரு கால்குலேட்டரும் போதும். கண்ணாடியைக் கால்குலேட்டர் திரைக்கு முன் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். ஒரு நிலையில் எண்கள் பளிச்சென்று தெரியும். இன்னும் திருப்பினால் மங்கும். கால்வட்டம் திருப்பியதும் திரை கறுத்துவிடும்.

திரையிலிருந்து வரும் ஒளி ஒரே திசையில் அதிர்கிறது. போலராய்டு தனக்குப் பிடித்த ஒரு திசையில் அதிரும் ஒளியை விட்டுவிட்டு, அதற்குக் குறுக்கே அதிர்வதை விழுங்கிவிடும். இரண்டு திசைக்கும் 30 பாகை வித்தியாசம் இருந்தால் நூற்றுக்கு 75 பங்கு ஒளி தாண்டும். 45 என்றால் பாதி, 60 என்றால் 25 பங்கு. 90இல் ஒன்றுமில்லை. மாலூஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1809லேயே கண்டுபிடித்த விதி.

ஒளி என்பது அலை மட்டும் என்றால் இதில் அதிசயம் இல்லை, அலையில் பாதி தாண்டியது என்று போய்விடலாம். ஆனால் ஒளி ஃபோட்டான் என்ற பொட்டலங்களாகத்தான் பிடிபடுகிறது. பொட்டலத்தை உடைக்க முடியாது. பச்சை ஃபோட்டான் பாதியானால் அதன் ஆற்றல் பாதியாகி, கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்பாக மாறியிருக்கும். அப்படி நடப்பதில்லை. கண்ணாடியைத் தாண்டி வருவது அதே முழுப் பச்சைதான், எண்ணிக்கைதான் பாதி.

ஆக, 45 பாகையில் ஒவ்வொரு ஃபோட்டானும் ஒன்று முழுதாகத் தாண்டுகிறது, அல்லது முழுதாக விழுங்கப்படுகிறது. எல்லாம் ஒரே மாதிரி அதிர்ந்துகொண்டு வந்தவை. கொள்கையின்படி அவற்றுக்குள் துளி வித்தியாசமில்லை. ஒரே காரணம், இரண்டு விளைவு.

இதற்குக் கணக்கு கொடுத்தவர் மாக்ஸ் போர்ன். குவாண்டம் கொள்கையில் ஒரு பொருளின் நிலையைச் சொல்லும் கணிதக் கருவிக்கு அலைச்சார்பு என்று பெயர். 1926இல் போர்ன் எழுதிய கட்டுரையில், அந்த அலையின் உயரமே நிகழ்தகவு என்று வாக்கியத்தில் எழுதிவிட்டு, இல்லை, அதன் வர்க்கம்தான் என்று அடிக்குறிப்பில் திருத்தினார். 1954இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது. அந்த அடிக்குறிப்பைத்தான் நாம் இன்றும் பயன்படுத்துகிறோம். இன்னொன்று: யாரும் அளக்காத வரையில் அந்த அலை ஷ்ரோடிங்கர் சமன்பாட்டின்படி நியதி தப்பாமல்தான் நகர்கிறது. கண்ணாடியில் மோதி, ‘தாண்டியதா இல்லையா’ என்று ஒரு முடிவு வரும் இடத்தில்தான் நிகழ்தகவு உள்ளே நுழைகிறது.

விடைத்தாளை முன்பே எழுதி வைத்திருக்கலாமே?

மாமாவின் மூளைக்கு உடனே தோன்றியது ஐன்ஸ்டைனுக்கும் தோன்றியது. ஃபோட்டானுக்குள் நமக்குத் தெரியாத ஏதோ குறிப்பு இருக்கலாம். ‘இந்தக் கோணத்தில் தாண்டு, அந்தக் கோணத்தில் தாண்டாதே’ என்று முன்பே எழுதியிருக்கலாம். அப்படியானால் இதுவும் காசு சுண்டும் கதைதான், பூதத்துக்குத் தெரியும். இப்படி ஒளிந்திருக்கும் குறிப்புக்கு மறைமாறி என்று பெயர். கடவுள் பகடை உருட்டுவதில்லை என்ற பொருளில் ஐன்ஸ்டைன் 1926இல் போர்னுக்குக் கடிதம் எழுதியதை எல்லாரும் சொல்வார்கள். ஆனால் அவரை அதைவிட அதிகமாக வாட்டியது, எங்கோ நடக்கும் ஒன்று தூரத்தில் இருப்பதை நொடியில் மாற்றிவிடுமா என்ற கவலைதான்.

குறிப்பு இருக்கிறதா இல்லையா என்று சோதிக்கவே முடியாது, வெறும் தத்துவச் சண்டை என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். 1964இல் ஜான் பெல் என்ற ஐரிஷ்காரர் சோதிக்க வழி சொன்னார். அதன் எளிய வடிவம் இது.

இரட்டைச் சகோதரிகள் இருவர். ஒருத்தியை மாண்டலேக்கும் ஒருத்தியை மோல்மேனுக்கும் அனுப்பிவிடுகிறோம். ஒருவரோடு ஒருவர் பேச வழியில்லை. ஒவ்வொருத்தியிடமும் மூன்று கேள்வியில் ஏதாவது ஒன்றைக் கேட்கிறோம். ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்பது மட்டுமே பதில். இப்படி நூற்றுக்கணக்கான ஜோடிகளிடம் செய்கிறோம். இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரே பதில் வருகிறது. சரி, புறப்படும் முன்பே மூன்று கேள்விக்கும் விடை எழுதி ஆளுக்கொரு பிரதி வைத்திருக்கிறார்கள் என்று நினைப்போம்.

அடுத்து, ஒருத்தியிடம் முதல் கேள்வி, மற்றவளிடம் இரண்டாவது. நூற்றுக்கு 25 தடவை பதில் மாறுகிறது. இரண்டாவதும் மூன்றாவதும் கேட்டாலும் 25 தடவை மாறுகிறது. அப்படியானால் முதலாவதும் மூன்றாவதும் கேட்டால் எத்தனை தடவை மாறலாம்? யோசித்துப் பாருங்கள். ஒரு விடைத்தாளில் முதல் விடையும் மூன்றாம் விடையும் வேறாக இருந்தால், நடுவிலிருக்கும் இரண்டாம் விடை இரண்டில் ஒன்றோடாவது மாறுபட்டே ஆக வேண்டும். அதனால் அதிகம் போனால் 25ம் 25ம் கூட்டி 50 தடவை. எப்படி எழுதிய விடைத்தாளாக இருந்தாலும் 50ஐத் தாண்டாது.

இப்போது சகோதரிகளுக்குப் பதில் ஜோடியாகப் பிறந்த இரண்டு ஃபோட்டான்கள், கேள்விகளுக்குப் பதில் 0, 30, 60 பாகையில் வைத்த போலராய்டுகள். ஒரே கோணத்தில் வைத்தால் இரண்டும் ஒன்றுபோல் நடக்கும் ஜோடிகளை உண்டாக்க முடியும். 30 பாகை வித்தியாசத்தில் நூற்றுக்கு 25 தடவை மாறுபடும் என்று குவாண்டம் கொள்கை சொல்கிறது. 60 பாகை வித்தியாசத்தில்? 75.

ஐம்பதைத் தாண்டவே கூடாத இடத்தில் 75. இரண்டில் எதை இயற்கை ஒப்புக்கொள்ளும் என்று இந்த மாதிரிச் சோதனைகளை க்ளௌசரும் ஃப்ரீட்மனும் 1972இல் செய்தார்கள், அலைன் அஸ்பே 1982இல் இன்னும் கூர்மையாகச் செய்தார். 2015இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் இரண்டு பக்கத்தையும் 1.3 கிலோமீட்டர் தூரத்தில் வைத்து, வேறு விளக்கத்துக்கு இடம் தரும் சந்துபொந்துகளை அடைத்துச் செய்தார்கள். ஒவ்வொரு தடவையும் வென்றது குவாண்டம் கணக்குதான். 2022 நோபல் பரிசு அஸ்பே, க்ளௌசர், சைலிங்கர் மூவருக்கும் இதற்காகத்தான்.

எனக்குத் தெரிந்து மனித வரலாற்றில் ஒரு தத்துவக் கேள்வியை ஆய்வுக்கூடத்துக்குள் இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்தது வேறெதுவும் இல்லை. பதினான்கு வயதுப் பிள்ளைக்கும் புரிகிற ஒரு கூட்டல் கணக்கு, ‘முன்பே எழுதி வைத்த விடைத்தாள்’ என்ற எண்ணத்தைக் கவிழ்த்துவிடுகிறது. முதல் தடவை இதைப் படித்த ராத்திரி நான் அந்த 25ஐயும் 25ஐயும் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் யாருக்குத் தெரியும்?

பெல் எதை உடைத்தார் என்பதில் கவனம் வேண்டும். விடைத்தாள் முன்பே இருக்கிறது, அங்கே கேட்ட கேள்வி இங்கே உடனே பாதிக்காது, இன்ன கேள்வி கேட்கப்போகிறார்கள் என்பது விடைத்தாளுக்கு முன்பே தெரியாது என்ற எண்ணங்கள் சேர்ந்து நிற்க முடியாது என்றுதான் அவர் காட்டினார். எதைக் கைவிடுவது என்பது நம் கையில்.

பெரும்பாலான பாடப்புத்தகங்கள் விடைத்தாளைக் கைவிடுகின்றன. தெரிந்துகொள்ள உள்ளே ஒன்றும் இல்லை, பூதத்துக்கும் தெரியாது. நிகழ்தகவு பாப்பர் சொன்னதுபோல் பொருளுக்குள்ளேயே இருக்கும் சாய்வு.

1952இல் டேவிட் போம், அங்கே கேட்டது இங்கே உடனே பாதிக்காது என்ற எண்ணத்தைக் கைவிட்டார். துகளுக்கு எப்போதும் திட்டவட்டமான இடம் உண்டு, ஓர் அலை அதை வழிநடத்துகிறது. நிகழ்தகவு பழையபடி நம் அறியாமைதான். விலை என்னவென்றால், மோல்மேனில் நடப்பது மாண்டலேயில் உடனே பாதிக்கும். 1957இல் எவரெட் சொன்னது இன்னும் துணிச்சலானது: தாண்டுவதும் தாண்டாததும் இரண்டுமே நடக்கின்றன, தனித்தனிக் கிளைகளில். அப்படி என்றால் ‘75 சதவீதம்’ என்பதற்கே என்ன பொருள் என்று அவர் வழி வந்தவர்கள் இன்னும் விளக்க முயன்றுகொண்டிருக்கிறார்கள். எல்லாமே நடக்கும்போது எதற்கு வாய்ப்பு அதிகம் என்பது? க்யூபிஸம் என்று அழைக்கப்படும் இன்னொரு கட்சி டி ஃபினெட்டியிடமே திரும்பிப் போகிறது: அலைச்சார்பே அதைப் பயன்படுத்துகிறவரின் நம்பிக்கைக் கணக்குதான்.

நாலு பேரும் ஒரே சூத்திரத்தைப் போடுகிறார்கள், அதே 75தான் நாலு பேருக்கும் வருகிறது. எனக்குச் சாய்வு பொருளுக்குள் இருக்கிறது என்ற பக்கம்தான் மனம் போகிறது. வயதாகாத அந்த அணுக்கருவை வேறு எப்படிப் புரிந்துகொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் போமின் கட்சியைப் பாடத்தில் சொல்லாமல் விட்டதில்லை, அது தவறென்று எந்தச் சோதனையும் காட்டவில்லை.

போன வாரம் மாமாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, கால்குலேட்டரையும் கூலிங் கிளாஸையும் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். 45 பாகையில் நிறுத்தச் சொன்னேன்.

“இதுல எது தாண்டும், எது நிக்கும்னு யாருக்கும் தெரியாதுங்கிறியா?”

“தாய்லாந்து நம்பர் மாதிரி இல்ல மாமா இது. அதை எல்லாம் தெரிஞ்ச ஒருத்தன் சொல்லிடலாம். இதைச் சொல்ல உள்ளே ஒண்ணும் எழுதி வைக்கலைன்னுதான் நான் படிச்ச புஸ்தகம் சொல்லுது. எழுதி இருக்குன்னு சொல்றவங்களும் இருக்காங்க. ஆனா அதை யாராலும் படிக்க முடியாதுன்னு அவங்களும் ஒத்துக்கிறாங்க.”

“அந்தத் துகளுக்கே தெரியாதா?”

“தெரியாதுன்னுதான் நினைக்கிறேன்.”

மாமா கண்ணாடியைக் கால்வட்டம் முழுதாகத் திருப்பினார். திரை கறுத்தது. அப்புறம் மெதுவாகத் திரும்பக் கொண்டுவந்தார்.